துவக்குச் சட்டமும் கையொப்பத் தாளும்



எங்கள் மூத்த மகன் இராணுவ அடிப்படைப் பயிற்சியை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளில் இருந்து இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன். முதுகில் பெரிய பொதி, தோளில் 90ஆம் ஆண்டு ரகத் தாக்குதல் துவக்கு. ரயிலில் அப்படியே வந்து, பஸ்சில் ஏறி, எங்கள் தொடர்மாடி வாசலில் இறங்கியிருக்கிறான். குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்த அவனுடைய அம்மம்மா, "ஐயோ, ஆமி!" என்றபடி உள் அறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிவிட்டார். "அம்மம்மா, நான்தான், திறவுங்கோ" என்று அவன் வெளியில் நின்று சொல்லச் சொல்ல, உள்ளே இருந்து அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. துவக்கைக் கட்டிலுக்குக் கீழே வைத்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

எங்களோடு அப்போது என் மைத்துனரும் இருந்தார். முப்பது வருடமாக இந்த நாட்டில் உழைத்து வரி கட்டுகிறவர், 'சீ' வதிவிட அனுமதி உள்ளவர். ஆனால் கடவுச்சீட்டு இலங்கையுடையது. மருமகனின் துவக்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை நான் தொட்டால் குற்றமாமே?" என்று பகிடியாகக் கேட்டார். வெறும் பகிடியில்லை, அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

சுவிற்சர்லாந்தின் ஆயுதச் சட்டம் 1997 யூன் 20ஆம் திகதி நிறைவேறி, 1999 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில நாட்டவர்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடைசெய்யும் அதிகாரத்தை சமஷ்டி அரசுக்கு, அதாவது ஏழு அமைச்சர்கள் கொண்ட புண்டஸ்ராற்றுக்குக் கொடுக்கிறது. எந்த நாட்டவர் என்பது சட்டத்தில் இல்லை. 2008 யூலை 2ஆம் திகதிய ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அல்பேனியா, அல்ஜீரியா, கொசோவோ, சேர்பியா, துருக்கி ஆகியவற்றோடு இலங்கையும் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டில் இங்கு வாழும் ஒருவர் ஆயுதமோ ரவையோ வாங்கக்கூடாது, வைத்திருக்கக்கூடாது, தரித்துச் செல்லக்கூடாது, சூட்டுத் திடலில் சுடவும் கூடாது. வேட்டை, விளையாட்டுச் சூடு, பாதுகாப்புப் பணி ஆகியவற்றுக்காகக் கன்ரோன் நிர்வாகம் விதிவிலக்கு வழங்கலாம். அது தனி விண்ணப்பம்.

பெற்றோர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். உண்மைத் துவக்குப் போலவே தோன்றும் போலித் துவக்கு, காற்றழுத்தத் துவக்கு, 'சொஃப்ற் எயார்' எனப்படும் விளையாட்டுத் துவக்கு ஆகியவையும் 2008 டிசம்பர் முதல் இச்சட்டத்தின்படி ஆயுதங்களே. பிள்ளை இணையத்தில் இருபது, முப்பது பிராங்குக்கு ஒன்றை வரவழைத்தால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. சட்டத்தை வேண்டுமென்றே மீறினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது பணத் தண்டனை. வதிவிட அனுமதி புதுப்பிக்கும்போதும் அது தலைநீட்டக்கூடும்.

இனி, துவக்கைத் தரித்துச் செல்லும் சட்டத்துக்கு வருவோம். மகன் ரயிலில் துவக்கோடு வந்தானே, அது எப்படிச் சரி என்று பல நேயர்கள் கேட்டீர்கள். சட்டம் இரண்டு செயல்களை வேறாகப் பார்க்கிறது. ஒன்று கொண்டுபோதல்: பயிற்சிக்கோ சூட்டுத் திடலுக்கோ திருத்தும் கடைக்கோ ஆயுதத்தை எடுத்துச் செல்வது. ரவை வேறாக இருக்க வேண்டும், ரவைக்கூடு வெறுமையாக இருக்க வேண்டும், போகிற வேலைக்குத் தேவையான நேரம் மட்டும்தான். இதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. மற்றையது தரித்துச் செல்லுதல்: பாதுகாப்புக்கு என்று பொது இடத்தில் ஆயுதத்தை உடலோடு வைத்துக்கொண்டு திரிவது. இதற்கு 27ஆம் பிரிவின்படி தனி அனுமதி வேண்டும். ஜேர்மன் மொழியில் 'வாஃபன்ட்ராக்ஷைன்' என்பார்கள். தனக்கோ பிறருக்கோ சொத்துக்கோ மெய்யான ஆபத்து இருக்கிறது என்று நம்பத்தக்க விதமாகக் காட்ட வேண்டும். ஆயுதத்தைக் கையாள்வதிலும் சட்ட அறிவிலும் பரீட்சை எழுத வேண்டும். கிடைத்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் செல்லாது. 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்பது போதாது. ஆகவேதான், இவ்வளவு துவக்குகள் உள்ள நாடாக இருந்தும் (2017ஆம் ஆண்டுக்கான ஒரு சர்வதேச மதிப்பீட்டின்படி நூறு பேருக்கு சுமார் 27) கடைத்தெருவில் இடுப்பில் துவக்குச் செருகிய சாதாரண மனிதரை நாம் காண்பதில்லை.

அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். அங்கே நியூயோர்க் மாநிலத்திலும் 'தக்க காரணம் காட்டு' என்ற விதி நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. 2022 யூனில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. அங்கு நீதிபதிகள் தீர்மானித்ததை, இங்கு தெருவோர மேசையில் வைத்த கையொப்பத் தாள் தீர்மானிக்கிறது.

உண்மையில் இந்தச் சட்டமே ஒரு வாக்கெடுப்பில் இருந்துதான் பிறந்தது. முன்பு ஆயுத விடயம் கன்ரோன்களின் கையில் இருந்தது. ஒரு கன்ரோனில் தரிக்க அனுமதி வேண்டும், பக்கத்துக் கன்ரோனில் வேண்டாம். 1993 செப்டெம்பர் 26ஆம் திகதி, ஆயுதத் துஷ்பிரயோகத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை சமஷ்டிக்குக் கொடுப்பதற்கு 86 வீதத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். அதன் பிறகே மேற்சொன்ன சட்டம் வந்தது.

பின்னர் துயரங்கள் தொடர்ந்தன. 2001 செப்டெம்பர் 27ஆம் திகதி சூக் கன்ரோன் பாராளுமன்றத்துக்குள் ஒருவன் புகுந்து 14 பேரைச் சுட்டுக்கொன்று தானும் இறந்தான். 2006 ஏப்ரலில் முன்னாள் பனிச்சறுக்கு வீராங்கனை கொரின் ரே-பெல்லேயும் அவருடைய சகோதரரும், அவரது கணவரின் இராணுவத் துவக்குக்குப் பலியானார்கள். 2007 நவம்பரில் சூரிச் ஹொங்கர்பேர்க்கில் பஸ்ஸுக்காகக் காத்துநின்ற 16 வயதுப் பெண்பிள்ளையை, அப்போதுதான் இராணுவப் பயிற்சியை முடித்த ஒருவன் காரணமின்றிச் சுட்டுக்கொன்றான். அந்த வருடம் இடதுசாரிக் கட்சிகள், பெண்கள் அமைப்புகள், தேவாலய அமைப்புகள், வைத்தியர்கள் எனப் பலர் சேர்ந்து ஒரு மக்கள் முன்மொழிவைத் தொடங்கினார்கள். இராணுவத் துவக்குகள் வீட்டில் அல்ல, களஞ்சியத்தில் இருக்க வேண்டும். ஆயுதம் வேண்டுபவர் தேவையையும் தகுதியையும் காட்ட வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள்.

மக்கள் முன்மொழிவுக்கு 18 மாதத்தில் 100,000 கையொப்பம் வேண்டும். கணக்காளன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு நாளுக்கு 183. ஞாயிறும் நத்தாரும் இதற்குள் அடக்கம்.

2008 பனிக்காலத்தில் எங்கள் ஊர்த் தேவாலயப் பெண்கள் குழுவோடு நானும் ஒரு சனிக்கிழமை பேரங்காடி வாசலில் நின்றேன். எனக்கு அப்போது சுவிஸ் குடியுரிமை இல்லை. கையொப்பமிட முடியாது, ஆனால் சேகரிக்கத் தடையில்லை. முதலில் வந்த முதியவர் சூட்டுக் கழகக்காரர். தன் தகப்பனின் துவக்கு வீட்டுச் சுவரில் இருப்பதாகவும், அதை ஒருவரும் எடுத்துப்போக விடமாட்டேன் என்றும் கால் மணித்தியாலம் என்னோடு வாதாடினார். போகும்போது எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தார். அடுத்து வந்த அம்மையார் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்கள் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். எனக்கு உரிமையில்லை என்றேன். "அப்படியென்றால் உங்களுக்கும் சேர்த்து நான் போடுகிறேன்" என்று சொல்லி ஒரே ஒரு கையொப்பம்தான் போட்டார். அது போதும் என்று எனக்குப் பட்டது.

இரண்டு மணித்தியாலத்தில் 31 கையொப்பம் சேர்ந்தது. அதில் ஒன்பது வீண். காரணம் என் அறியாமை. ஒரு தாளில் ஒரே நகரசபையைச் சேர்ந்த வாக்காளர் மட்டும்தான் எழுதலாம். நான் மூன்று ஊர்க்காரரை ஒரே தாளில் எழுத விட்டுவிட்டேன். பெயரை அவரவரே தங்கள் கையால் எழுத வேண்டும். மனைவிக்காகக் கணவன் எழுதுவது செல்லாது, அது தண்டனைக்குரியதும்கூட. 2024இல் கூலிக்குக் கையொப்பம் சேகரித்த சிலர் பொய்க் கையொப்பம் போட்ட விவகாரம் வெளிவந்தபோது, நாங்கள் குளிரில் நின்று சேகரித்த அந்த இருபத்திரண்டும் நினைவுக்கு வந்தன.

2009 பெப்ரவரியில் 106,000 வரையான கையொப்பங்கள் பேர்ணில் ஒப்படைக்கப்பட்டன. 2011 பெப்ரவரி 13ஆம் திகதி வாக்கெடுப்பு. 56.3 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஜெனீவா, வோ, நியூசத்தல், ஜூரா, சூரிச், பாசல் நகரம் ஆகிய ஆறு கன்ரோன்கள் மட்டும் ஏற்றுக்கொண்டன.

தோல்விதான். ஆனால் கணக்கை அத்தோடு மூட முடியாது. இந்த விவாதம் சூடாக இருந்த 2007 செப்டெம்பரிலேயே, வீட்டில் வைக்கும் இராணுவ ரவைகளைத் திருப்பிப் பெறப் பாராளுமன்றம் முடிவெடுத்தது. 2010 முதல், எந்தக் காரணமும் சொல்லாமல், இலவசமாகத் துவக்கை இராணுவக் களஞ்சியத்தில் வைக்கலாம் என்றானது. எங்கள் மகன் அதைத்தான் செய்தான். அம்மம்மா மூன்று நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் அவன் தானாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். இராணுவத்தில் இல்லாதவர்கள் வீட்டில் பழைய ஆயுதம் கிடந்தால், கன்ரோன் பொலிஸார் கட்டணமின்றிப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் சட்டம்.

வீட்டில் துவக்கு இல்லாதிருப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: இந்த நாட்டில் துவக்கால் இறப்பவர்களில் பெரும்பாலோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். 2003இல் இராணுவம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கப்பட்ட பின், 18 முதல் 43 வயது வரையான ஆண்களில் துவக்கால் தற்கொலை குறைந்ததையும், அப்படிக் குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்களவே வேறு வழிக்கு மாறியதையும் 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மனம் உடைந்த நேரத்தில் 143ஆம் இலக்கத்துக்கு இரவு பகல் எப்போதும் பேசலாம் என்பதையும் இங்கேயே அறியத்தருகிறேன்.

எதிர்த்தரப்பும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆயுத விதிகளுக்கு ஏற்பச் சட்டம் இறுக்கப்பட்டபோது, சூட்டுக் கழகங்கள் அதை எதிர்த்து மக்கள் வாக்கெடுப்பைக் கோரின. அதற்கு 100 நாளில் 50,000 கையொப்பம் தேவை. அவர்கள் 125,000 வரை கொண்டுவந்து குவித்தார்கள். ஊருக்கு ஊர் கழகம், கழகத்துக்கு ஒரு பொருளாளர், உறுப்பினர் பட்டியல். அந்த ஒழுங்கைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். ஆனாலும் 2019 மே 19ஆம் திகதி 63.7 வீதத்தினர் புதிய சட்டத்தை ஏற்றார்கள். திச்சினோ மட்டும் மறுத்தது. ஷெங்கன் ஒப்பந்தத்தை இழக்கப் பெரும்பாலோர் விரும்பவில்லை.

சரி, வாக்கில்லாதவர் என்ன செய்யலாம்? நியூசத்தல், ஜூரா கன்ரோன்களில் குடியுரிமை இல்லாதோர் குறிப்பிட்ட வருடங்கள் வாழ்ந்தபின் நகரசபை, கன்ரோன் விடயங்களில் வாக்களிக்கலாம். வோ, பிரிபூர், ஜெனீவாவில் நகரசபை அளவில் உண்டு. ஆனால் ஆயுதச் சட்டம் சமஷ்டி விடயம், ஆகவே அது இங்கு உதவாது. உதவுவது அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு. எவரும் எந்த அதிகாரிக்கும் மனுக் கொடுக்கலாம். வயதெல்லை இல்லை, குடியுரிமை தேவையில்லை, கையொப்ப எண்ணிக்கை இல்லை. மனுக் கொடுத்ததற்காக ஒருவருக்கும் பாதிப்பு வரக்கூடாது. அதிகாரிகள் அதைக் கவனத்தில் எடுத்தே ஆக வேண்டும். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரும் கையொப்பமிடலாம். நம்மவரில் பலர் இதை நம்புவதில்லை. பெயரும் முகவரியும் எழுதிய தாள் எங்கே போகும் என்ற ஊர்ப் பயம் இன்னும் போகவில்லை. அதோடு, புதிய சட்ட வரைவுகளுக்குப் பேர்ண் கருத்துக் கேட்கும்போது எந்தச் சங்கமும் எந்தத் தனிமனிதரும் எழுதலாம். ஜேர்மன் மொழியில் 'ஃபெர்நேம்லாசுங்' எனப்படுவது இதுதான்.

12ஆம் பிரிவுப் பட்டியலைப் பற்றி நம் சங்கங்களில் இரண்டு குரல் கேட்கிறது. 'எங்களுக்குத் துவக்கு எதற்கு, பெயர் அதிலேயே இருக்கட்டும்' என்பது ஒன்று. 'முப்பது வருடம் ஒழுங்காக வாழ்ந்தவனைக் கடவுச்சீட்டைப் பார்த்துச் சந்தேகிப்பது அவமானம்' என்பது மற்றது. முதற்குரலுக்குச் சொந்தக்காரர் அம்மம்மா, இரண்டாவதற்கு மைத்துனர். நான் மைத்துனர் பக்கம். அவர் துவக்கு வாங்கப்போவதில்லை. ஆனால் ஆளைப் பார்த்துத் தீர்மானி, நாட்டைப் பார்த்து அல்ல என்று கேட்பது நியாயம். பட்டியல் ஒழுங்குவிதியில் இருப்பதால் அதற்கு மக்கள் வாக்கெடுப்பு வேண்டியதில்லை. புண்டஸ்ராற்றே மாற்றலாம். ஆக, நமக்குரிய வழி மனுத்தான்.

ஆனால் அவசரப்பட்டு எழுதினால் 'தமிழர் துவக்குக் கேட்கிறார்கள்' என்று மறுநாள் பத்திரிகையில் வரும். அதனால் மனுவின் முதல் பந்தியிலேயே, தரித்துச் செல்லும் அனுமதி இப்போது போலவே இறுக்கமாக இருப்பதை நாங்கள் ஆதரிக்கிறோம் என்று எழுத வேண்டும். பிறகுதான் பட்டியல். தனியாக எழுதாமல், அந்தப் பட்டியலில் உள்ள அயலவர்களையும், எங்களூர்த் தேவாலயப் பெண்களையும் கேட்டுப் பார்க்கலாம். முடியுமானால் அந்தக் கோப்பி வாங்கித் தந்த சூட்டுக் கழகக்காரரையும்.

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஜேர்மன் அல்லது பிரெஞ்சில் எழுதி, கீழே பெயர், முகவரி, கையொப்பத்துக்குக் கோடு போட்டு, பேர்ணில் உள்ள சமஷ்டிச் செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். மனுவுக்கு ஊர்வாரித் தாள் விதி இல்லை, ஆகவே என்னுடைய அந்த ஒன்பது பிழையும் இதில் நேராது. ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். மைத்துனர் இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டுத் தந்திருக்கிறார். பார்க்க விரும்பும் சங்கங்கள் சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத்தில் என்னிடம் கேட்டு வாங்கலாம்.