மக்தபில் அதபுப் பயிற்சி: பெற்றோருக்கு ஒரு விளக்கம்



மாலை மக்தபில் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓதலோடு சில பழக்கப் பயிற்சிகளும் கொடுக்கப்படுவதை அறிவீர்கள். "பிள்ளையை ஓத அனுப்பினோமா, பெருக்க அனுப்பினோமா?" என்று சிலர் கேட்டதாகத் தகவல் வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விளக்கமே இது.

"ஸலாம் சொல்லு", "சத்தம் போடாதே", "பெரியவங்களுக்குக் குறுக்கே போகாதே" என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! பெரும்பாலும் பிள்ளை தவறிய பிறகு, அதுவும் நாலு பேர் முன்னிலையில் சொல்கிறோம். அந்த நேரத்தில் பிள்ளைக்கு வெட்கம்தான் ஏறுகிறது, பாடம் ஏறுவதில்லை. குறுக்கே போகக் கூடாது என்றால் பின் எப்படித்தான் போவது என்பதை யாரும் காட்டிக் கொடுப்பதும் இல்லை.

இதைக் கவனித்து ஒரு கல்வி முறையாகவே ஆக்கியவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907-ல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1939-ல் ஆசிரியர் பயிற்சி நடத்தச் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போரில் இத்தாலியும் இறங்கிவிடவே ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இங்கேயே தங்க நேர்ந்தது. அதில் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதாத நர்சரிப் பள்ளி குறைவு. பலகையில் இருப்பதெல்லாம் வகுப்பில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அவர் முறையில் ஒழுங்கு என்பது தவறு நடந்தபின் சொல்லும் புத்திமதி அல்ல. யாரும் தவறு செய்யாத அமைதியான நேரத்தில் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, ஆசிரியர் தாமே ஒன்றைச் செய்து காட்டுவார். இருவர் பேசிக் கொண்டிருக்கும்போது எப்படிக் காத்து நிற்பது, தும்மல் வந்தால் என்ன செய்வது, கதவை ஓசையில்லாமல் எப்படிச் சாத்துவது என்று ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் செய்து பார்க்கும். பிள்ளைகளுக்கு இது நாடகம் போல. மறுபடி மறுபடி கேட்பார்கள்.

கதவைத் தட்டி அனுமதி கேட்கும் பயிற்சியை எங்கள் மக்தபிலும் முதலாவதாக வைத்தோம். சூரத்துந் நூர் 58-வது ஆயத்தில், பருவம் அடையாத பிள்ளைகளும் மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது: ஃபஜ்ருக்கு முன், ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகலில், இஷாவுக்குப் பின். ஆயத்தை ஓதக் கற்றுக் கொடுக்கிறோம். கதவு முன் நின்று தட்டி, பதில் வரும்வரை பொறுத்திருக்கவும் கற்றுக் கொடுக்க வேண்டாமா?

நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் உண்டு. சாப்பிடும்போது அவர் கை தட்டு முழுவதும் சுற்றியது. நபியவர்கள் அதட்டவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலது கையால் உண்ணவும், தமக்கு அருகில் உள்ளதை எடுக்கவும் சொன்னார்கள். 'இப்படிச் செய்யாதே' என்பது அதில் இல்லை. செய்ய வேண்டியது மட்டுமே இருக்கிறது. அதன்பின் தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆனது என்று அவரே அறிவிக்கிறார்.

அடுத்தது ஊற்றும் பயிற்சி. சின்ன ஜக்கிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் ஊற்ற வேண்டும். முதலில் அரிசி, கை பழகியபின் தண்ணீர். பக்கத்திலேயே ஒரு துணி இருக்கும். சிந்தினால் சிந்தியவரே துடைப்பார், யாரும் திட்ட மாட்டார்கள். குடிதண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் நம் பகுதியில் இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பயிற்சித் தண்ணீர் முழுவதும் முருங்கைக் கன்றுக்குப் போகிறது.

இனி பெருக்கும் விஷயம். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகள் பத்திரிகைகளில் வருகின்றன. அதுவும் பெரும்பாலும் இல்லாதவர் வீட்டுப் பிள்ளை, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைதான் ஏவப்படுகிறது. பெற்றோரின் கோபம் நியாயமானது. ஆகவே எங்கள் விதிகளைத் தெளிவாகச் சொல்கிறோம். கழிப்பறை வேலை பிள்ளைகளுக்குக் கிடையாது. தண்டனையாக எந்த வேலையும் தரப்படாது. பாய் சுருட்டுவது, ரைஹால் துடைத்து அடுக்குவது, செருப்புகளை வரிசையாக வைப்பது, வகுப்பைப் பெருக்குவது ஆகியவை முறை வைத்து எல்லோருக்கும் வரும். உஸ்தாதுக்கும் ஒரு நாள் உண்டு.

பையன்களுக்கும் உண்டு. இதில்தான் முணுமுணுப்பு அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆறு வயதுப் பெண்பிள்ளை கையில் விளக்குமாறு கொடுக்க யோசிக்காத நாம், அவள் அண்ணன் கையில் பார்த்தால் முகம் சுளிக்கிறோம். நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளைச் செய்து வந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கும்போது, இதில் என்ன குறைவு?

ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பைச் சுத்தம் செய்வது மாணவர்களின் அன்றாட வேலை. எகிப்து அரசு 2016-ல் ஜப்பானோடு கல்வி ஒப்பந்தம் செய்து, 2018 முதல் இம்முறைப் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை வகுப்பை நடத்தும்; அந்த முறை எல்லோருக்கும் வரும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கே ஆண்டு முழுவதும் லீடர் பட்டம் என்பது நம் வழக்கம். வாய் திறக்காத பிள்ளையும் ஒரு நாள் முன்னே நின்று "எல்லோரும் உட்காருங்க" என்று சொல்லட்டுமே.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிள்ளைக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி, அது மெதுவாகவும் கோணலாகவும் செய்யும்போது கையிலிருந்து பிடுங்காதீர்கள். பிள்ளை மடித்த துணியை அதன் கண் முன்னே திரும்ப மடிக்காதீர்கள். வாப்பா வெளிநாட்டிலோ கடலிலோ இருக்கும் வீடுகளில் உம்மாவுக்கு அவசரம் அதிகம், புரிகிறது. தினம் கால் மணி நேரம் போதும்.

பிள்ளைகள் கைக்கு அடங்கும் சிறிய விளக்குமாறுகள், ஜக்குகள், பழைய கைத்துண்டுகள் மக்தபுக்குத் தேவைப்படுகின்றன. இருப்பவர்கள் அஸருக்குப் பிறகு கொண்டுவந்து கொடுக்கலாம். பயிற்சியைப் பார்க்க விரும்பும் பெற்றோரும் அந்த நேரத்திலேயே வரலாம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.