பனிமலைப் பாதைகள் – 9
நவம்பரில் பெய்த மழை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ரெவல்ஸ்டோக் ஊருக்கு மேலே சாலையே எட்டாத உயரங்களில் இருக்கும் பனிச்சறுக்கு விடுதிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆட்களையும் மளிகையையும் இறக்கிவிட்டு ஹெலிகாப்டர் திரும்பிவிடும். அங்கே லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ பட்டையை ஒட்டிக்கொண்டு, சறுக்கப்போகும் மலையில் நடந்தேதான் ஏற வேண்டும்.

விடிவதற்கு முன்பே வழிகாட்டி ஒருவர் டார்ச்சுடன் வெளியே வருவார். அளவுகோல் நட்ட வெள்ளைப் பலகையில் இரவு எத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்தது என்று பார்த்துக் குறித்துவிட்டு, அடுத்த அளவுக்காகப் பலகையைத் துடைத்து வைப்பார். வெப்பநிலை, காற்றின் திசை, எதிர்மலையில் பனிச்சரிவு விழுந்த தடம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். 1991 முதல் கனடாவின் பனிச்சரிவுத் தொழில்முறையாளர்கள் இந்தத் தகவல்களைத் தங்களுக்குள் தினமும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இவ்வளவு கவனம் ஏன்? பசிபிக் கடலின் ஈரக்காற்று செல்கிர்க் மலைத்தொடரில் மோதி மேலேறும்போது பனியாகக் கொட்டுகிறது. உயரமான இடங்களில் ஆண்டுக்கு 10 மீட்டருக்கு மேல் விழும். ஒவ்வொரு பொழிவும் தனி அடுக்கு. காற்றடித்தால் மலைமுகட்டின் மறுபுறம் பனி குவிந்து இறுகும். மேகமில்லாத குளிர் இரவில் பனியின் மேற்பரப்பில் மெல்லிய படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் மலையே மினுமினுக்கும். அடுத்த புயல் அவற்றை அப்படியே மூடிவிடும். மேலே கனத்த பாளம், கீழே பிடிப்பில்லாத படிகங்கள். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் இந்த அமைப்பு இருந்தால், ஓர் ஆளின் எடையே அதைப் பெயர்த்துவிடும்.

2002 நவம்பரில் இந்த மலைகளில் மழை பெய்தது. நனைந்த பனி உறைந்து ஓடாக இறுகியது. அதையொட்டி இருந்த பனி, குளிரில் சர்க்கரை மணிகள் போல ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து நின்றது. அதன்மேல் வாரக்கணக்கில் பனி ஏறிக்கொண்டே போனது. 2003 ஜனவரி 20 அன்று டுரண்ட் பனியாற்றுப் பகுதியில் விழுந்த சரிவில் 7 பேர் இறந்தார்கள். ஸ்னோபோர்டு உலக சாம்பியனாக இருந்த கிரெய்க் கெல்லியும் அவர்களில் ஒருவர். சரியாக 12 நாள் கழித்து, ரோஜர்ஸ் கணவாய் அருகே பள்ளி மாணவர்கள் 7 பேரைச் சரிவு கொன்றது. அந்தப் பிள்ளைகளின் மரணம் நாட்டையே உலுக்கியது. பொதுமக்களுக்கான எச்சரிக்கைச் சேவை வலுப்பெற்றது. 2004இல் ரெவல்ஸ்டோக்கில் தேசியப் பனிச்சரிவு மையம் அமைந்தது.

புதைந்த அடுக்கைத் தேட ஒரு சோதனை உண்டு. பனியைத் தோண்டி, 30 சென்டிமீட்டர் நீள அகலத்தில் ஒரு தூணை வெட்டி நிறுத்துவார்கள். அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில் தூண் வெட்டுப்பட்டது போல நழுவுகிறது என்பதைக் குறித்துக்கொள்வார்கள். ஆனாலும் பத்தடி தள்ளி வேறு விடை வரலாம். அதனால் ஒரு குழியை மட்டும் நம்பி யாரும் செங்குத்தான சரிவில் இறங்குவதில்லை.

பொதுமக்களுக்கான எச்சரிக்கையில் பனிச்சரிவு ஆபத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறார்கள். மூன்றாம் நிலையிலேயே பலர் உயிரிழக்கிறார்கள். நடுவில் இருப்பதால் நடுத்தர ஆபத்து என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நிலையில் மனிதக் கால் பட்டுச் சரிவு விழ நல்ல வாய்ப்பு உண்டு என்பதே பொருள்.

வானம் தெளிந்து, புதுப்பனி முழங்கால் வரை கிடக்கும் நாளில், ‘இன்று காட்டுக்குள் இருக்கும் சாய்வு குறைந்த இடங்கள் மட்டும்தான்’ என்று வழிகாட்டி சொன்னால், பணம் கட்டி வந்தவர்களுக்கு முகம் வாடத்தான் செய்யும். அவர் பார்ப்பது அன்றைய வானத்தை மட்டுமல்ல, இரண்டு மாதத்துக்கு முந்தைய மழையையும் சேர்த்துத்தான். அந்தக் குறிப்பேட்டை மதித்து அவர் பின்னால் நடப்பதே மலைக்குப் போகிறவர் கற்க வேண்டிய முதல் பாடம்.

அடுத்த வாரம்: பனிக்குள் புதைந்தவரை மீட்கக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள்.

(தொடரும்)