ஈரல் தட்டைப்புழுவின் வாழ்க்கைப் பயணம்

நாம் வாழும் பிரித்தானியாவின் நாட்டுப்புறங்களுக்குச் செல்லும்போது, பச்சைப் புல்வெளிகளிலே செம்மறி ஆடுகள் கூட்டங்கூட்டமாக மேய்வதைக் காண்கின்றோம். அமைதியே உருவான அக்காட்சிக்குள் நம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஓர் ஆபத்தும் மறைந்திருக்கக் கூடும். ஈரமான நிலத்திலே வளர்ந்த புல்லில் ஓர் ஒட்டுண்ணி ஒட்டிக்கொண்டு, தன்னை உண்ணப்போகும் ஆட்டுக்காகக் காத்திருக்கலாம். அதுவே ஈரல் தட்டைப்புழு. விலங்கியலார் இதனைப் பசியோலா ஹெப்பாட்டிகா என அழைப்பர்.

பிறிதோர் உயிரின் உடலிலே தங்கி, அதனிடமிருந்தே உணவைப் பெற்று, அதற்குத் தீங்கும் விளைவிக்கும் உயிரை ஒட்டுண்ணி என்கின்றோம். இடங்கொடுக்கும் உயிர் விருந்து வழங்கி எனப்படும். ஈரல் தட்டைப்புழுவுக்கு ஒரு விருந்து வழங்கி போதாது. ஆடு, மாடு போன்ற விலங்கொன்றும், சிறு நத்தையொன்றும் ஆக இரண்டு தேவை. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் இப்புழுவின் இனம் அழிந்துவிடும்.

வளர்ந்த புழு இலை போன்ற தட்டையான வடிவமுடையது. 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளமுடையது. ஆட்டின் ஈரலிலுள்ள பித்தக் குழாய்களே அதன் வீடு. இரண்டு உறிஞ்சிகளின் உதவியால் அங்கே பற்றிக்கொண்டு வாழ்கின்றது. ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே உடலில் அமைந்துள்ளன. ஒரு புழு நாளொன்றுக்கு 20,000 வரையான முட்டைகளை இடவல்லது. ஏன் இத்தனை முட்டைகள்? இதற்கான விடையை அதன் பயணமே நமக்குக் கூறும்.

முட்டைகள் பித்தநீருடன் குடலை அடைந்து, சாணத்துடன் வெளியேறுகின்றன. உலர்ந்த நிலத்தில் விழுந்தவை மடிகின்றன. ஈரமும் போதிய வெப்பமும் கிடைத்தவை சில வாரங்களிற் பொரிக்கின்றன. வெளிவரும் நுண்ணிய குடம்பிக்கு மிரசீடியம் என்று பெயர். உடலெங்கும் மெல்லிய பிசிர்களைக் கொண்ட இது நீரில் விரைந்து நீந்தும். ஆனால் இதற்கு உணவு உண்ணும் வழியில்லை. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் உரிய நத்தையைக் கண்டடையாவிடின் இறந்துவிடும்.

ஐரோப்பாவிலே அந்நத்தை, ஒரு சென்ரிமீற்றர் அளவேயுள்ள சேற்று நத்தையாகும். அதன் உடலைத் துளைத்து உட்செல்லும் மிரசீடியம், ஸ்போரோசிஸ்ட் எனும் பையாக மாறுகின்றது. அப்பைக்குள் ரீடியா எனும் குடம்பிகள் பல தோன்றுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடியின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. ரீடியாக்களுக்குள்ளே வாலுடைய செர்க்கேரியாக்கள் உருவாகின்றன. நத்தைக்குள் நுழைந்தது ஒன்று. வெளிவருவனவோ பல நூறு. எண்ணற்ற முட்டைகள் வீணானபோதும் இனம் நிலைத்திருப்பது இப்பெருக்கத்தினாலேயே.

நத்தையை விட்டு வெளியேறும் செர்க்கேரியா நீந்திச் சென்று புல்லிலோ நீர்த்தாவரத்திலோ ஒட்டுகின்றது. அங்கே வாலை உதறிவிட்டுக் கடினமான கூடொன்றினுள் ஒடுங்குகின்றது. அப்புல்லை ஆடு மேயும்போது கூடு குடலில் உடைகின்றது. இளம் புழு குடற்சுவரைத் துளைத்து, ஈரலை அடைந்து, அதனை அரித்துக்கொண்டு ஆறேழு வாரங்கள் அலைந்த பின்னரே பித்தக் குழாயைச் சேர்கின்றது. ஒரே வேளையில் ஏராளமான இளம் புழுக்கள் இவ்வாறு அரிக்கும்போது ஈரலிற் குருதி பெருகி ஆடு திடீரென இறப்பதும் உண்டு.

இவ்வுண்மைகள் எளிதிற் கிடைத்தவையல்ல. மழை மிகுந்த 1879ஆம் ஆண்டையடுத்துப் பிரித்தானியாவில் சுமார் முப்பது இலட்சம் செம்மறி ஆடுகள் இந்நோயால் மடிந்தன. விவசாயக் குடும்பங்கள் பல நலிவுற்றன. காரணத்தை ஆராயும் பொறுப்பு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ. பி. தோமஸ் என்பவரிடம் 1880இல் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதும் நிரம்பவில்லை. உரிய நத்தை போதிய அளவு கிடைக்காமல் அவர் இடர்ப்பட்டார். 1882இல் ஆற்று வெள்ளம் அந்நத்தைகளைப் பெருமளவிற் கொண்டுவந்து சேர்க்கவே ஆய்வு நிறைவேறியது. அதே காலத்தில் ஜேர்மனியில் ருடோல்ப் லொய்க்கார்ட் என்ற பேரறிஞரும் தனித்து ஆராய்ந்து இம்முடிவையே கண்டார். முதுபெரும் அறிஞரும் இளைஞரும் ஒரே உண்மையைத் தனித்தனியே எட்டியதை எம் மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

இந்நோய் மனிதரையும் பற்றக்கூடியது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 இலட்சம் மக்கள் இதனாற் பீடிக்கப்பட்டுள்ளனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. காய்ச்சலும், வயிற்றின் வலப்பக்க மேற்பகுதியில் நோவும் இதன் அறிகுறிகளுட் சில. ஐரோப்பாவில் மனிதருக்கு இது பெரும்பாலும் வருவது, ஓடைகளிலே தானாக வளரும் வாட்டர்கிரெஸ் கீரையைப் பச்சையாக உண்பதனாலாகும். கால்நடைகளின் கழிவு கலவாத தூய நீர்ப் பாத்திகளில் முறைப்படி வளர்க்கப்பட்டுக் கடைகளில் விற்கப்படும் கீரையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் மாடு, எருமைகளைப் பீடிப்பது இதன் உறவினமான பசியோலா ஜைஜான்டிகா. ஆகவே, விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதும் கால்நடைகள் இறங்கும் குளக்கரைகளில் வளரும் கீரைகளைச் சமைத்தே உண்ணல் வேண்டும். கழுவுவதனால் மட்டும் இக்கூடுகள் முற்றாக நீங்கா.

ஆட்டீரல் உண்டால் இந்நோய் வருமோ எனப் பெற்றோர் சிலர் ஐயுறலாம். வாராது. ஈரலில் இருப்பது வளர்ந்த புழு. நோயைத் தருவதோ தாவரத்தில் ஒட்டியிருக்கும் கூடு. வாழ்க்கை வட்டத்தை அறிந்தால் வீணான அச்சம் நீங்குவதற்கு இஃதொரு சான்று.

டிரைகிளாபென்டசோல் எனும் மருந்து இளம் புழுக்களையும் முதிர்ந்த புழுக்களையும் கொல்லும். எனினும் அதனை எதிர்த்து நிற்கும் புழுக்கள் ஆடுகளிடையே தோன்றியுள்ளதாக 1995இல் அவுஸ்திரேலியாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. பின்னர் பிற நாடுகளிலும் அவை காணப்பட்டன. எனவே மருந்தை மட்டும் நம்பியிராது, சதுப்பு நிலத்தில் நீரை வடியச் செய்தும், ஈரமான இடங்களுக்கு வேலியிட்டும் விவசாயிகள் தம் மந்தைகளைக் காக்கின்றனர்.

முட்டை, நீர், நத்தை, புல், ஆடு எனும் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தாற் போதும், நோய் நின்றுவிடும். அக்கண்ணி எதுவென நமக்குக் காட்டியது பொறுமையான ஆராய்ச்சியே. எம் பிள்ளைகளும் சிறு உயிர்களை அருவருத்து ஒதுக்காது, உற்று நோக்கி, ஏன், எவ்வாறு என வினவிப் பழகுவார்களாக.