காசில்லாமல் தொடங்கிய ஊர்

சிட்னி இன்று காசு புரளும் ஊர். 1788 ஜனவரியில் 11 கப்பல்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கொண்டுபோய் அங்கே இறக்கியபோது, புழக்கத்துக்கென்று காசு எதையும் லண்டன் அனுப்பவில்லை. மறதியா? இல்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

அவர்கள் அமைக்கப்போனது ஊரல்ல, சிறை. அந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்த ஈயோரா மக்களை ஒரு வார்த்தை கேட்காமல், தீவாந்தர தண்டனைக் கைதிகளையும் காவல் சிப்பாய்களையும் குடியேற்றினார்கள். கைதிக்குக் காசு எதற்கு? சாப்பாடு அரசுக் கிடங்கிலிருந்து வரும். ஆண் ஒருவருக்கு வாரத்துக்கு 7 ராத்தல் ரொட்டி அல்லது மாவு, 7 ராத்தல் உப்பிட்ட மாட்டிறைச்சி, கொஞ்சம் பட்டாணி, கொஞ்சம் வெண்ணெய். பெண்களுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. 1790-இல் கிடங்கு வற்றி அளவைக் குறைத்தபோது, கவர்னர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்களே தங்கள் ரொட்டியைக் கையோடு கொண்டுபோனார்கள்.

சிக்கல் எப்போது தொடங்கியது என்றால், வயல் விளையத் தொடங்கியதும். கைதிகள் அரசு வேலை முடிந்த நேரத்தில் தனியாரிடம் கூலிக்குப் போனார்கள். கூலியை எதில் கொடுப்பது? தேயிலை, சர்க்கரை, புகையிலை என்று பொருளாகக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும்விடச் செல்லுபடியானது ரம். 1792-இல் ‘ஹோப்’ என்ற அமெரிக்கக் கப்பல் வந்தது. ரம்மையும் சேர்த்து வாங்கினால்தான் உணவுப் பொருள் தருவேன் என்றார் அதன் கேப்டன். வாங்கினார்கள். பிறகு ராணுவ அதிகாரிகள் கப்பல் சரக்கை மொத்தமாக மடக்கி, பல மடங்கு விலைக்கு விற்கப் பழகிக்கொண்டார்கள். இந்தப் பண்டமாற்றைத் தடுக்கப் பார்த்த கவர்னர் வில்லியம் ப்ளையை 1808-இல் சிப்பாய்களே கைது செய்தார்கள். ரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நிலத் தகராறும் அதிகாரப் போட்டியும் அதில் கலந்திருந்தன.

அடுத்து வந்த கவர்னர் மக்வாரி கெட்டிக்காரர். ஆஸ்பத்திரி கட்டப் பணமில்லை. கட்டித் தருகிறவர்களுக்கு 45,000 கேலன் சாராயம் இறக்குமதி செய்யும் உரிமையைக் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியில்தான் இன்று அந்த மாநிலச் சட்டமன்றம் நடக்கிறது.

அப்படியானால் காசே வரவில்லையா? வந்தது, கப்பலோட்டிகளின் பையில். அதனால் கவர்னர் கிங் 1800-இல் ஒரு விலைப்பட்டியலே போட்டார்: ஸ்பானிய டாலர் 5 ஷில்லிங், இந்திய ரூபாய் இரண்டரை ஷில்லிங், நம்மூர் வராகன் 8 ஷில்லிங். ஒரு பென்னி செப்புக்காசை இரண்டு பென்னி என்றும் அறிவித்தார். வெளியே எடுத்துப்போனால் பாதி நட்டம், ஆகவே ஊரிலேயே தங்கும் என்பது கணக்கு. ஆனால் தங்கமும் வெள்ளியும் தங்கவில்லை. சரக்கு விற்க வந்த கப்பல் எதுவும் பதிலுக்குக் கோதுமையை வாங்கிப்போகாது. நல்ல காசைத்தான் வாரிக்கொண்டு போகும். மிஞ்சியவை ஆளுக்கொன்றாக எழுதிக் கொடுத்த கடன் சீட்டுகள். கள்ளக் கையெழுத்துக்காகவே நாடு கடத்தப்பட்டவர்கள் நிறைந்த ஊரில் அந்தச் சீட்டுகளின் கதியை யோசித்துப் பாருங்கள்.

1812 நவம்பரில் ‘சமரங்’ என்ற கப்பல் 40,000 ஸ்பானிய டாலர்களோடு வந்து சேர்ந்தது. புறப்பட்ட இடம், நம்ம மெட்ராஸ். இவையும் ஓடிவிடக் கூடாதே என்று மக்வாரி, காளைக்கு மூக்குக் குத்துவதுபோல ஒவ்வொரு டாலருக்கும் நடுவில் ஓட்டை போடச் சொன்னார். வேலையை ஒப்படைத்தது யாரிடம் தெரியுமா? வில்லியம் ஹென்ஷல். கள்ளக்காசு அடித்துத் தண்டனை பெற்று வந்தவர்!

இனி கணக்கைப் பாருங்கள். முழு டாலர் 5 ஷில்லிங். ஓட்டை போட்டபின் வெளிவளையம் மட்டுமே 5 ஷில்லிங் என்று முத்திரை குத்தினார்கள். நடுவிலிருந்து விழுந்த துண்டு 15 பென்னி, அதாவது ஒன்றே கால் ஷில்லிங். மொத்தம் ஆறே கால். 40,000 காசுக்கும் பார்த்தால் அரசுக்கு ஏறத்தாழ 2,500 பவுண்டு லாபம். ஊருக்குள் வளையத்துக்கு முழு மதிப்பு; கப்பல்காரன் தராசில் வைத்தாலோ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளி குறையும். எடுத்துப்போக அவனுக்கென்ன பைத்தியமா?

காசுகளில் 1813 என்று பொறித்திருந்தாலும், எல்லாவற்றையும் வெட்டி முடிக்க ஹென்ஷலுக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. 1817-இல் வங்கி வந்தது. 1820-களில் பிரிட்டிஷ் பவுண்டே போதும் என்று அரசு முடிவெடுத்து, வளையங்களைத் திரும்ப வாங்கி உருக்கத் தொடங்கியது. 1829-இல் அவை செல்லாக்காசாயின. தப்பிப் பிழைத்தவை சில நூறுதான். இன்று ஏலத்துக்கு ஒன்று வந்தால், நல்ல நிலையில் இருந்தால், கோடிக்கணக்கிலும் போகிறது.