முதலில் கேபிளை மாற்றுங்கள்

2025-இல் பரவிய செல்போன் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கூமாப்பட்டிக்கு வந்தவர்கள், பிளவக்கல் அணையையும் மலையையும் படமெடுத்துப் போனார்கள். அடிவாரத்துத் தென்னந்தோப்புக்காரருக்குக் கவலை வேறு: மண் காய்ந்துவிட்டதா, மோட்டாரைப் போடணுமா? அதை அளந்து சொல்ல ஒரு வைஃபை போர்டும் ஒரு சென்சாரும் போதும். போர்டின் பெயர் ஈஎஸ்பி32, ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்தது. விலை சில நூறு ரூபாய்தான்.

வீட்டு டெஸ்க்டாப்பில் ஆர்டுவினோ மென்பொருளை நிறுவி, அதன் போர்டு மேனேஜரில் ஈஎஸ்பி32 தொகுப்பை இறக்க வேண்டும். பெரிய கோப்பு, செல்போன் டேட்டாவை நம்பி இறங்கினால் பொறுமை வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது இதற்கடுத்த படியில்தான். போர்டைச் சொருகினால் விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் போர்ட் மட்டும் வராது. போர்டு பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தகவல் போகாது. வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். அப்புறமும் வரவில்லையா? யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்துச் சில்லில் சிபி2102, சிஎச்340 இரண்டில் எது இருக்கிறதென்று பார்த்து, அதற்குரிய டிரைவரைப் போடுங்கள். நிரலை ஏற்றும்போது 'கனெக்டிங்' என்று புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தால், பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். சீரியல் மானிட்டர் திரையில் எழுத்து கிறுக்கலாக வந்தால் அதன் வேகத்தை 115200 ஆக்குங்கள். இன்னொன்று, இந்தப் போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும்.

மண் ஈரத்துக்கு இரண்டு கம்பி நீட்டிய சென்சாரை வாங்காதீர்கள். மின்சாரம் பாயப் பாய அரித்துப்போகும். கெப்பாசிட்டிவ் வகையே நல்லது. 34-ஆம் பின்னில் இணையுங்கள். 25, 26, 27 போன்றவை வைஃபை ஓடும்போது இந்த வேலைக்கு உதவாது. 0 முதல் 4095 வரை எண் வரும். காய்ந்த மண்ணில் கூடும், ஈரத்தில் குறையும். எது காய்ச்சல், எது ஈரம் என்பதை உங்கள் தோப்பு மண்ணில் வைத்தே குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வைஃபை தோப்புவரை எட்டாதே என்பீர்கள். இடையில் ரவுட்டர் இல்லாமலே இரண்டு போர்டுகள் பேசிக்கொள்ள ஈஎஸ்பி-நவ் என்ற வழி உண்டு. மரங்கள் மறைத்தால் தூரம் குறையும். மும்முனை மோட்டாரில் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்குத்தான் செல்போன் ஸ்டார்ட்டர் இருக்கிறது. போர்டு எண்ணைச் சொல்லட்டும், சுவிட்ச் உங்கள் கையில் இருக்கட்டும்.