ஆலமரத்துக்கு ஏன் டிரிப்ஸ் ஏற்றினார்கள்?

தெலங்கானாவின் மகபூப்நகர் அருகே பில்லலமர்ரியில் இருக்கும் ஆலமரத்துக்கு வயது சுமார் 700 என்கிறார்கள். ஏறக்குறைய 3 ஏக்கரில் பரந்து நிற்கும் மரம். 2017 டிசம்பரில் அதன் கிளையொன்று முறிந்து விழுந்தது. காரணம், கரையான்.

கரையான் பெரும்பாலும் முதல் எதிரி அல்ல. அடிபட்ட கட்டையையும் செத்த கட்டையையும் தேடித்தான் அது வரும். இங்கே பார்வையாளர்கள் கிளைகளில் ஏறி ஊஞ்சலாடியிருக்கிறார்கள். ஓயாமல் மிதிபட்டால் எந்த மண்ணும் இறுகும்; காற்றில்லாமல் வேர் திணறும். வாட்டம் உச்சிக்கிளையில் தெரிந்தாலும், பல மரங்களில் கோளாறு தொடங்குவது காலடி மண்ணில்தான்.

மருந்தை எப்படி உள்ளே செலுத்துவது? முதலில் துளையிட்டு ஊற்றிப் பார்த்தார்கள், வெளியே வழிந்துவிட்டது. அதனால் 2018இல் நீர்த்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை நூற்றுக்கணக்கான பாட்டில்களில் நிரப்பி, டிரிப்ஸாகத் தொங்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியதால் கட்டை உறிஞ்ச அவகாசம் கிடைத்தது. வேருக்கும் மருந்து விட்டார்கள். கனத்த கிளைகளுக்கு முட்டுக் கொடுத்தார்கள். பார்வையாளர் வருகையை நிறுத்தினார்கள். மருந்தைவிட இந்தக் கடைசி முடிவே பெரிது என்பேன்.

உங்கள் தெரு வேம்பு வாடினால், ரம்பத்தை எடுக்குமுன் ஒரு சிறுகிளையின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. பூச்சிமருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள். வனத்துறையினரையோ வேளாண் அலுவலரையோ கேளுங்கள். ஆனால் அடிமரத்தை நெரிக்கும் சிமென்ட் தளத்தை உடைத்து மண்ணைத் திறந்துவிட இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.