செல்போன் போனாலும் கணக்கு போகக் கூடாது!

உரக்கடை பாக்கி, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், பால் பணம், நகைக்கடன் தவணை... இவற்றையெல்லாம் நோட்டில் எழுதிவந்த விவசாயிகள் பலர், இப்போது செல்போனில் உள்ள கணக்குச் செயலியில் பதிகிறார்கள். கூட்டல், கழித்தலை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால், போன் கிணற்றில் விழுந்தால் கணக்கும் அதோடு போய்விடும். குத்தகைப் பணம் எவ்வளவு கொடுத்தோம், கடையில் எவ்வளவு கட்டினோம் என்று பேச்சு வந்தால், எடுத்துக்காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது.

நகல் எடுப்பது எப்படி?

பெரும்பாலான செயலிகளில் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பேக்கப்' வசதி இருக்கும். அதை அழுத்தினால், மொத்தக் கணக்கும் ஒரு ஃபைலாகச் சேமிக்கப்படும். அந்த ஃபைல் அதே போனில் இருந்தால் பயனில்லை. மெமரி கார்டும் போனுக்குள்தானே இருக்கிறது! எனவே, கூகுள் டிரைவில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் வையுங்கள். கூகுள் கணக்குக்கு 15 ஜி.பி. வரை இடம் இலவசம். போன் வாங்கிய கடையில் உருவாக்கித் தந்த கூகுள் கணக்கு என்றால், அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்று முதலில் பாருங்கள்.

முளைப்புத்திறன் பார்ப்பதுபோல...

விதைப்பதற்கு முன்பு கொஞ்சம் விதையை ஈரச்சாக்கில் கட்டி, முளைக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? நகலையும் அப்படிச் சோதிக்க வேண்டும். வீட்டில் உள்ள வேறொரு போனில் அதே செயலியை நிறுவி, 'ரெஸ்டோர்' கொடுங்கள். கையிருப்புத் தொகையும் பழைய பதிவுகளும் சரியாக வந்தால்தான் அது நல்ல நகல்.

இவற்றைக் கவனியுங்கள்

* 'ரெஸ்டோர்' செய்யும்போது பல செயலிகள், போனில் இருக்கும் கணக்கை அழித்துவிட்டுப் பழைய நகலை வைத்துவிடும். அதற்கு முன்பு இன்றைய கணக்கை ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

* செயலி சரியாக வேலை செய்யவில்லை என்று உடனே 'அன்இன்ஸ்டால்' செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கணக்கும் அழிந்துபோகலாம்.

* எக்செல் ஃபைல் படிக்கவும் பிரின்ட் எடுக்கவும் உதவும். அதைச் செயலிக்குள் திரும்ப ஏற்ற முடியாமல் போகலாம். 'பேக்கப்' ஃபைலும் அவசியம்.

* ஃபைலின் பெயரில் தேதியைச் சேருங்கள். கடைசி மூன்று நகல்களையாவது அழிக்காதீர்கள். தவறான பதிவு புதிய நகலில் ஏறியிருந்தால், பழையது கைகொடுக்கும்.

* வெளியில் உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் நகல் எடுத்தால், அங்கிருக்கும் ஃபைலை அழித்துவிட்டு வாருங்கள்.

வாரக்கூலி கொடுக்கும் நாளிலேயே நகலும் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மாதக் கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை மட்டும் நோட்டில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.